நாலே முக்காலே அரைக்கால்

காரவள்ளி
8-1-1934

அன்புள்ள கண்ணாயிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் மாமாவும் மாடு கன்றுகளோடு சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா என்று மறக்காமல் எழுது.

மிளகு மூட்டையோடு மலையிலிருந்து இறங்கிய கருப்பண்ணன் உன் மஞ்சள் சேலையில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். என் அரக்குச் சேலையில் பாதியை அவரிடமே கொடுத்தனுப்பினேன், வந்து சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பாதி மஞ்சள், பாதி அரக்கு. பாதிக் கட்டங்களை நீ மலை மேலே தைப்பாய், மீதியை நான் கீழே தைக்க வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போர்வை ஆக்கலாம் என்றாய். பிறக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பழஞ்சேலைதான் நல்லது என்பதால் நானும் தலையாட்டினேன். வேலையைக் கொடுத்தாய், கணக்கைக் கொடுக்காமல் போய்விட்டாயே.

உனக்கென்ன, செம்மேட்டில் நர்ஸ் துரைசாணியம்மா பெண்களை உட்காரவைத்துத் தையல் சொல்லித்தருகிறார். எனக்கு யார் இருக்கிறார்கள்? கட்டம் முடிவில் நாலு அங்குலம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். சுற்றிலும் தையலுக்குக் கால் கால் அங்குலம் விட்டு, நாலரையில் சதுரம் வெட்டினேன். அதை மூலைக்கு மூலை வெட்டி, மஞ்சள் முக்கோணத்தையும் அரக்கு முக்கோணத்தையும் சேர்த்துத் தைத்து விரித்தேன். நாலரை இருக்க வேண்டிய கட்டம் நாலைத் தாண்டிக் காலில் பாதிதான், நாலே அரைக்கால்தான் இருக்கிறது. தையல்கடைக் கந்தப்பனிடம் டேப்பை இரவல் வாங்கித் திரும்பத் திரும்ப அளந்துவிட்டேன். "துணி சுருங்கிப்போச்சாடா?" என்று அவனைக் கேட்டால், "எனக்குச் சட்டைதானுங்க்கா தெரியும், இந்த முக்கோணமெல்லாம் தெரியாதுங்க" என்கிறான். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு உன்னை மட்டும் ஐந்தாவது வரை அனுப்பிய நம்மைப் பெற்ற அய்யனைத்தான் திட்ட வேண்டும்.

தொட்டிலுக்கு உத்தரத்தில் கயிறு மாட்டியாகிவிட்டது.  உன் மாமா கன்று போட்ட பசு ஒன்றை ஓட்டிவந்து கொட்டகையில் கட்டியிருக்கிறார். போன ஆடியில் எட்டுக்கை அம்மன் முன்னால் வயிற்றில் கைவைத்து, "இது எங்க அக்கா பிள்ளைங்க, தாயே" என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தையை நினைத்து நினைத்துத்தான் நான் நாளைக் கடத்துகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு வளைகாப்புக்கும் என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டவர்கள் இல்லை. இப்போது வேலியோரம் நின்று, "எப்பங்க பிள்ளை வருது?" என்று கேட்கிறார்கள்.

அளவைச் சீக்கிரம் எழுது.

மயிலாத்தாள்


செம்மேடு
19-1-1934

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை கண்ணாயி வணக்கத்துடன் எழுதியது.

கால் வீக்கம் காலையில் வடிகிறது, பொழுது சாய்ந்தால் வந்துவிடுகிறது. துரைசாணியம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். முந்தின இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அதனால் நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் போட்ட கணக்கு முழுக் கட்டத்துக்குச் சரி. நாலு அங்குலத்தில் ஒரே துணியாகக் கட்டம் வேண்டுமானால் நாலரை வெட்டினால் போதும். மூலைக்கு மூலை வெட்டிவிட்டால் நடுவிலும் ஒரு தையல் வந்துவிடுகிறது. அதற்கும் துணி விட வேண்டும். அந்தத் தையலுக்கு நாம் விடுவது கால் அங்குலம்தான். ஆனால் அது சாய்வாக ஓடுவதால், ஓரத்தில் வைத்து அளந்தால் காலே அரைக்கால் அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. உங்களுக்குக் குறைந்ததும் அதே காலே அரைக்கால்தான், பாருங்கள். சுற்றுத்தையலுக்கு அரை, நடுத்தையலுக்குக் காலே அரைக்கால், இரண்டும் சேர்ந்து முக்காலே அரைக்கால். ஆகவே நாலே முக்காலே அரைக்காலில் சதுரம் வெட்டுங்கள். கொஞ்சம் மிஞ்சினால் ஓரத்தைச் சீவிவிடலாம். குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த அளவில் ஒரு அட்டை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். அட்டை பனியில் நனைந்து ஊறினாலும் ஊறும். கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டில் கயிற்றை அதற்குள் மாட்ட வேண்டுமா அக்கா? முன்பு இரண்டு தடவையும் நான் முன்னாலேயே மாட்டினேன். கயிறுதான் மிஞ்சியது. மாமா பசு வாங்கிய விஷயத்தைப் படித்ததும் என் வீட்டுக்காரர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நீ உங்கக்காகிட்ட இன்னும் சொல்லலியா?" என்று கேட்டார். நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாயி


காரவள்ளி
4-2-1934

கண்ணாயி,

நாலே முக்காலே அரைக்கால், நாலே முக்காலே அரைக்கால் என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டு, எனக்கு யாரோ மந்திரம் ஓதிவிட்டார்கள் என்று உன் மாமா நினைத்துக்கொண்டார். அட்டையை வைத்து வெட்டினேன். தைத்து விரித்தால் நாலரை கன கச்சிதம். மளிகைக் கடைக்காரன் மாதிரிக் கணக்குச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

முன்னாலேயே சின்னதாக வெட்டித் தைத்த கட்டங்களைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. பிரித்துப் பார்த்தேன். மூலைவெட்டாக வெட்டின ஓரம் இழுத்தால் நன்றாகவே வருகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தேன், அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உனக்கே வித்தியாசம் தெரியாது.

உன் வீட்டுக்காரர் என்னிடம் எதைச் சொல்லச் சொன்னார்? ராத்திரியெல்லாம் யோசித்தேன். பெற்றதும் கொடுக்க உனக்கு மனசு வராது என்றுதானே? அது எனக்குத் தெரியாதா? முப்பதாம் நாள் கழித்துப் பிள்ளையை அழைத்துப்போக வருவதாக இருந்தேன். வேண்டாம். பால் மறக்கும் வரை உன்னிடமே இருக்கட்டும். ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும். காத்திருந்து பழகினவள்தானே நான். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடாமல் அம்மா என்று மட்டும் கூப்பிடப் பழக்கிவிடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

பசு நேரத்துக்கு மூன்று படி கறக்கிறது. பாலை ஊருக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

மயிலாத்தாள்


செம்மேடு
11-3-1934

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் விடியற்காலையில் ஆண் பிள்ளை பிறந்தான். நல்ல நிறையாக இருக்கிறான். சின்னராசு என்று கூப்பிடுகிறோம்.

இழுத்துத் தைத்த கட்டங்களை முதலில் பிரித்துவிடுங்கள். மூலைவெட்டுத் துணி இழுத்த பக்கம் வரும், துவைத்ததும் தன் அளவுக்கே போய்விடும். நானும் ஒரு பேச்சை இத்தனை நாள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

அக்கா, நான் அம்மனிடம் சொன்னது தவிட்டுக்கு விற்கிறதைத்தான். நம் பக்கம் இது எல்லோரும் செய்வதுதானே. பெற்றது தங்காமல் போகிற வீட்டில், அடுத்த பிள்ளையை முறத்தில் போட்டு இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டு, அவளுடைய பிள்ளையாகப் பாவித்து, பெற்றவளே வாங்கி வளர்ப்பது. சாவு வந்து தேடினால் இது என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடலாம் என்று. இரண்டு பிள்ளைகளை இந்த மலைக்காய்ச்சலுக்குக் கொடுத்தேன். மூன்றாவதையும் கொடுக்க என்னால் ஆகாது. அதனால்தான் அக்கா பிள்ளை என்று சொன்னேன். உங்களுக்கும் அது அப்படித்தான் புரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்தது கோயில் படி இறங்கும் வரைதான். கீழே வந்ததும் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அப்போதே தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாய் வரவில்லை. பிறகு தொட்டில் வந்தது, பசு வந்தது, ஒவ்வொரு கடிதத்துக்கும் என் வாய் இன்னும் இறுகிக்கொண்டது.

கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவனைப் பார்க்கும் வரை நினைத்தேன். அக்கா, என்னால் முடியவில்லை. நீங்கள் முறத்தோடு வந்து தவிடு கொடுத்து அவனை வாங்கி, என்னிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். இதைக் கேட்பவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரிகிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

கண்ணாயி


காரவள்ளி
16-3-1934

கண்ணாயிக்கு.

கருப்பண்ணனிடம் ஒரு படி தவிடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். விலை வந்து சேர்ந்துவிட்டது என்று உன் சாவுக்குச் சொல்லிக்கொள். பிள்ளையை நீயே வைத்துக்கொள்.

நான் தைத்த கட்டங்களும் மிச்சத் துணியும் மூட்டையில் இருக்கின்றன. எனக்கு இனி அந்தக் கணக்கு வேண்டாம்.

தொட்டில் கயிற்றை உன் மாமா அவிழ்த்துவிட்டார். ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று நீ ஒரு நாளாவது நினைத்தாயா? எனக்குக் கடிதம் எழுதாதே.

மயிலாத்தாள்


செம்மேடு
2-9-1934

அக்கா,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன். இந்தக் கடிதத்தோடு சின்னராசுவும் வருகிறான். அவன் அப்பா மடியில் வைத்து டோலியில் கொண்டுவருகிறார்.

மழை விட்டதிலிருந்து இங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். அவனுக்கு வந்து, விட்டு, மறுபடியும் வந்திருக்கிறது. எனக்கும் வந்து படுத்துவிட்டேன், பால் வற்றிப்போயிற்று. "இந்த மலையில் இருந்தால் பிழைக்க மாட்டான், கீழே அனுப்பு" என்கிறார் துரைசாணியம்மா. என்னால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை, இல்லாவிட்டால் நானே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

தவிடு கொடுத்தவர் நீங்கள்தானே. உங்கள் பிள்ளைதான். வாங்கிக்கொள்ளுங்கள். பிழைத்தால் போதும்.

காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து பொட்டலத்தில் இருக்கிறது. கசப்புக்குத் துப்புவான், தேனில் குழைத்து நாக்கில் தடவுங்கள். உங்கள் கட்டங்கள், என் கட்டங்கள், மிச்சத் துணி எல்லாவற்றையும் அவனுக்கு அடியில் மெத்தையாகப் போட்டிருக்கிறேன்.

கண்ணாயி


காரவள்ளி
14-10-1934

கண்ணாயிக்கு அக்கா எழுதுவது.

மாப்பிள்ளை வந்துபோகும்போதெல்லாம் வாயால் சொல்லியனுப்பினேன். இப்போதுதான் உட்கார்ந்து எழுதக் கை வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டான். காய்ச்சல் விட்டு இந்தப் புரட்டாசி முழுக்க வரவில்லை. அவனை டோலியிலிருந்து இறக்கிய அன்று, கை காலெல்லாம் சூம்பி, கண் மட்டும் பெரிசாக இருந்தது. உன்மேல் இருந்த கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை, கண்ணு.

பசும்பாலில் பாதி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, சங்கில் புகட்டினேன். முதல் இரண்டு நாளும் உன்னைத் தேடி அழுதான். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். இப்போது குப்புற விழுந்து தவழ்கிறான். உன் மாமா காட்டிலிருந்து வந்தால் நேராகக் கொட்டகைக்குப் போகிற மனுஷன், இப்போது கால்கூடக் கழுவாமல் உள்ளே வந்து, "பையன் தூங்கறானா?" என்கிறார். தொட்டில் கயிறு மறுபடியும் உத்தரத்தில் ஏறிவிட்டது.

அவன் தூங்குகிற நேரத்தில் கட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். நீ சொன்னது சரி. இழுத்துத் தைத்ததெல்லாம் ஒரு துவைப்பில் சுருண்டுவிட்டது, பிரித்துப்போட்டேன். மிச்சத் துணியில் அட்டையை வைத்துப் புதிதாக வெட்டினேன். உன் கட்டமும் என் கட்டமும் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து நிற்கின்றன. எது நீ தைத்தது எது நான் தைத்தது என்று எனக்கே தெரியவில்லை.

உன் உடம்பு தேறினால் தீபாவளிக்கு வா. மலைத்தேன் கொஞ்சம் கொண்டுவா.

மயிலாத்தாள்


செம்மேடு
20-1-1935

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய வெல்லமும் நெல்லும் வந்தன. எனக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. சந்தைக்கு நடந்து போய் வருகிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தீபாவளிக்கு வந்தபோதே கேட்கத்தான் வந்தேன். நான் கை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நீங்கள் சங்கடப்பட்டு, "உங்கம்மாடா சாமி, போ" என்று அவனைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தீர்கள், அவன் வீறிட்டு அழுதான். நான் சமையற்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கேட்காமலே மலை ஏறிவிட்டேன்.

காய்ச்சல் காலம் முடிந்துவிட்டது. இனி ஆவணி வரை பயமில்லை என்கிறார்கள். துரைசாணியம்மா கொசுவலை ஒன்று கொடுத்திருக்கிறார். பிழைத்தால் போதும் என்று நான்தான் எழுதினேன், அந்த வார்த்தையை மறக்கவில்லை. உங்களால்தான் அவன் இருக்கிறான். அவனை வைத்துக்கொள்ள என்னைவிட உங்களுக்குத்தான் நியாயம் அதிகம். "விட்டுறு கண்ணாயி, அங்கயே இருக்கட்டும்" என்று என் வீட்டுக்காரரும் ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு அவரே திரும்பிப் படுத்து அழுதார்.

நியாயமில்லாமல்தான் கேட்கிறேன். என் பிள்ளையைக் கொடுத்துவிடுங்கள் அக்கா. நீங்கள் முடியாது என்று எழுதினால் மறுபடியும் கேட்க மாட்டேன்.

கண்ணாயி


காரவள்ளி
3-2-1935

கண்ணாயிக்கு அக்கா எழுதுவது.

இந்தக் கடிதத்தோடு சின்னராசு வருகிறான். உன் மாமாவே கொண்டுவருகிறார். டோலிக்காரர்களைக் கூப்பிடலாம் என்றேன். "என் தோள்லயே வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

உன் கடிதம் வந்த அன்று நான் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியாது என்று எழுதினேன். மலையில் காய்ச்சல் இருக்கிறது, இங்கே பால் இருக்கிறது, தவிடு கொடுத்திருக்கிறேன் என்று மூன்று நியாயம் எழுதினேன். மூன்றும் நல்ல நியாயம்தான். மடித்து வைத்துவிட்டு வந்தால், தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறான். சிரித்தால் கன்னத்தில் உன் குழி விழுகிறது. அந்த நியாயத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

ராகிக் கூழ் ஆறினால்தான் குடிப்பான். சங்கை மறந்துவிட்டான், கிண்ணத்தில் கொடு. முதுகில் தட்டினால் தூங்க மாட்டான், காது மடலைத் தடவிவிட்டால் தூங்குவான். கொயினாவைத் தேனில் கொடுக்காதே, தேனைக் கண்டாலே இப்போது அழுகிறான். வாழைப்பழத்தில் வைத்துக் கொடு. ஆவணி பிறக்கும் முன்னே அவனைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். நீயும் கூடவே வந்து இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் உன் பேச்சைக் கேட்க மாட்டேன்.

போர்வை முடிந்துவிட்டது, மூட்டையில் மேலே இருக்கிறது. விரித்தால் நடுவில் ஒரு கட்டம் வேறு மாதிரி இருக்கும். தப்பு என்று நினைத்துப் பிரித்துவிடாதே. அந்த இடத்தில் இருந்த மஞ்சள் அரக்குக் கட்டத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு இங்கே கீழே ஒன்று வேண்டும் கண்ணு. அதற்குப் பதிலாக உன் மஞ்சள் சேலையில் மிஞ்சியிருந்ததை முழுக் கட்டமாக வெட்டி வைத்துத் தைத்தேன். நாலரை அங்குலம். அதற்கு நடுவில் தையல் இல்லை என்பதால் என் பழைய கணக்கே போதுமாக இருந்தது.

இன்னும் ஒன்று. இந்தத் தை மாதம்தான் "ம்மா" என்று கூப்பிடத் தொடங்கினான். நான் பழக்கவில்லை, "பெரீம்மா சொல்லு" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு அது வரவில்லை. அங்கே வந்ததும் கதவைப் பார்த்து அப்படிக் கூப்பிடுவான். அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று நீ யோசித்துக்கொண்டு நிற்காதே. "ஏஞ்சாமி" என்று சொல்லிக்கொண்டு போய் அவனைத் தூக்கிக்கொள்.

மயிலாத்தாள்